மாத வாடகைக்கு இடமில்லை!

ஒரு நாள் தங்குபவருக்குக் கதவைத் திறக்கும் திருவண்ணாமலையில், வருடம் முழுவதும் தங்க வேண்டியவர்கள் எங்கே போவது?

திருவண்ணாமலையில் அறை வாடகையைப் பஞ்சாங்கம்தான் நிர்ணயிக்கிறது. பௌர்ணமி என்ன கிழமையில் வருகிறது, சனி ஞாயிறை ஒட்டி வருகிறதா, இந்த வருஷம் கார்த்திகை தீபம் எந்தத் தேதி, ஆந்திராவில் பள்ளி விடுமுறை எப்போது... கோயிலைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் இவ்வளவையும் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிய பல கேட்டுகளில் இப்போது ‘ரூம்ஸ்: ஏசி, நான் ஏசி’ என்று தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது. அதிலுள்ள எண்ணை அழைத்து “மாச வாடகைக்கு ஒரு ரூம் வேணும்” என்று கேட்டால், “டெய்லி ரென்ட் மட்டும்தாங்க” என்று சொல்லி போனை வைத்துவிடுகிறார்கள்.

இப்படிக் கேட்டுத் திரும்புகிறவர்கள் யார்? ஜவ்வாது மலையிலிருந்து கலைக் கல்லூரியில் படிக்க இறங்கிவரும் மாணவன். தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடி சேலை எடுத்துப் போடுபவர். பக்தர்களுக்கு இட்லி பரிமாறும் சப்ளையர். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரி. வருகிறவர்களை வரவேற்று, சோறு போட்டு, வைத்தியம் பார்க்கும் கைகள் இவர்களுடையவை. தலைசாய்க்க இந்த ஊரில் மலிவாக ஓர் அறை கிடைக்காமல் அலைவதும் இவர்கள்தான்.

பக்தர் கூட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அண்ணாமலையாரைத் தேடி வருபவர்களால்தான் இந்த ஊருக்குப் பிழைப்பு. ஒரு நாள் விருந்தாளிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது மாத வாடகைக்காரருக்கும் இந்த ஊர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் மண்சரிவில் நாம் பார்த்துவிட்டோம்.

பௌர்ணமிக் கணக்கு

வீட்டுக்காரர்களின் கணக்கு எளிமையானது. ஒரு பேச்சுக்கு, குளியலறையோடு சேர்ந்த ஓர் அறைக்கு மாத வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே அறையை நாள் வாடகைக்கு விட்டால் ஓர் இரவுக்கு 1,500. மாதத்தில் எட்டு வாரக்கடைசி இரவுகளும் பௌர்ணமியை ஒட்டிய இரண்டு இரவுகளும் நிரம்பினாலே 15,000 வந்துவிடும். துணி வெளுக்க, கூட்டிப் பெருக்க, தண்ணீருக்கு என்று 4,000 போனாலும் 11,000 கையில் நிற்கும். மீதி இருபது நாள் அறை பூட்டியே கிடந்தாலும் நஷ்டமில்லை. வங்கிக் கடன் வாங்கி மாடி கட்டிய ஒரு குடும்பம் இந்தக் கணக்குப்படி நடந்துகொள்வதில் தப்பொன்றும் இல்லை. ஒரு தெருவே அப்படிக் கணக்குப் பார்க்கும்போதுதான் ஊருக்குப் பிரச்னை ஆகிறது.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு காலத்தில் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மட்டும் நிரம்பிய அந்தப் பாதையில் இப்போது எல்லா நாளும் ஆட்கள் நடக்கிறார்கள். குறிப்பாக, கொரோனா ஊரடங்குகள் முடிந்த பிறகு ஆந்திரா, தெலங்கானா பக்தர்களின் வருகை பல மடங்காகிவிட்டது. ஓட்டல் மெனு, ஆட்டோ முதுகு, பூக்கடைப் பலகை எல்லாவற்றிலும் தெலுங்கு வந்துவிட்டது. 2024 மே மாதம் சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய மின்தொடர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது 50 ரூபாய் டிக்கெட்டில் சென்னைக்காரர் மலையடிவாரத்துக்கு வந்து இறங்கிவிட முடிந்தது நல்ல செய்தி. அப்படி இறங்குபவர்களில் ஒரு பகுதியினர் இரவு தங்குவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்போது நகராட்சி எல்லைக்குள் சுமார் 1.45 லட்சம் பேர் இருந்தார்கள். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. தீபத் திருவிழா நாளிலோ அந்த மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு பேர் ஊருக்குள் வந்து போகிறார்கள். அந்த ஓர் இரவுக்காகக் கழிப்பறை, குடிநீர், பேருந்து நிறுத்தம் என எல்லாவற்றையும் திட்டமிடுகிறது நிர்வாகம். மற்ற நாள்களில் இங்கேயே இருப்பவர்களின் கூரையைப் பற்றிய திட்டம்தான் கண்ணில் படவில்லை.

அறை தேடும் படலம்

மாத வாடகைக்கு விடும் வீடுகளே இல்லையா? இருக்கின்றன. வேங்கிக்கால் பக்கம், போளூர் சாலை, அவலூர்பேட்டை சாலை, வேட்டவலம் சாலை, மணலூர்பேட்டை சாலை என்று கோயிலிலிருந்து விலக விலகக் கிடைக்கும். ஆனால், வாசல்படி ஏறுவதற்கு முன்பே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

“எந்த ஊருப்பா?”

“செங்கம் பக்கங்க.”

“ஃபேமிலியா, பேச்சிலரா?”

“படிக்கிறேங்க. ரெண்டு பேரு இருப்போம்.”

“பேச்சிலருக்கு விடறதில்லையே... சரி, நான்வெஜ் செய்வீங்களா?”

“இல்லீங்க.”

“நீங்க என்ன ஆளுங்க?”

கடைசிக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் பல அறைகள் கைநழுவிப் போகின்றன. “வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு” என்று மறுநாள் காலை சொல்லிவிடுவார்கள். அதே அறைக்கு அடுத்த வாரமும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். பட்டியலின மாணவர்களும் இஸ்லாமிய மாணவர்களும் இந்த அனுபவத்தைத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் சுமக்கிறார்கள். ‘சுத்த சைவம் மட்டும்’ என்ற வரி கோயில் ஊர்களில் இன்னும் சரளமாக எழுதப்படுகிறது. அந்த வரி சமையலறையைப் பற்றி எழுதியது போலத் தோன்றும். படித்தவுடன் சிலருக்கு அது வாசலிலேயே நிற்கச் சொல்கிறது. தனியாக வாழும் பெண் என்றால் கேள்விகள் வேறு திசையில் போகும்: யார் வருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய், கல்யாணம் எப்போது. இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் இதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகும், “ஒன்பது மணிக்கு கேட் பூட்டிருவோம்மா” என்ற நிபந்தனையில் வந்து முட்டி நிற்பார்.

எல்லாம் கூடி வந்து அறை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மலிவு வாடகை என்றால் பெரும்பாலும் மொட்டை மாடி அறை. மேலே சிமென்ட் ஷீட். ஒரு ஜன்னல், அதுவும் படிக்கட்டைப் பார்த்தபடி இருக்கும். பாறை மலையை ஒட்டிய ஊர் இது. சித்திரை, வைகாசியில் பகல் முழுக்கக் காய்ந்த ஷீட் ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கும். மாணவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே தளத்தில் வந்து படுப்பார்கள். காலை ஆறிலிருந்து ஏழு வரை மோட்டார் போடுவார்கள், அதற்குள் அறையில் இருக்கும் நாலு பேரும் குளித்துவிட வேண்டும். குடிக்கக் கேன் தண்ணீர்.

கதவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சப் மீட்டர் இருக்கும். மாதா மாதம் வீட்டுக்காரர் ரீடிங் எடுத்து, யூனிட்டுக்குத் தன் கணக்கில் ஒரு விலை போட்டு வாங்கிக்கொள்வார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 100 யூனிட் இலவசமாகத் தருகிறது தமிழ்நாடு அரசு. ஆனால், அந்தச் சலுகை இணைப்புக்குத்தான். சப் மீட்டருக்கு அது வந்து சேருவதில்லை. ஒரே விளக்கும் ஒரே ஃபேனும் ஓடும் அறையில் இருக்கும் மாணவன் முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை கொடுக்கிறான். யாருக்காக அந்தச் சலுகையைக் கொண்டுவந்தார்களோ, அவர்களில் மிக ஏழையான குடித்தனக்காரருக்கே அது எட்டாமல் போகிறது.

இதனால் அறை எடுக்காமலே சமாளிப்பவர்களும் நிறைய. கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து, கடைசி வகுப்பு முடியும் முன்பே புத்தகத்தை மூடிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடும் மாணவிகளைக் கலைக் கல்லூரிப் பக்கம் எந்த மாலையிலும் பார்க்கலாம். நூலகம், சிறப்பு வகுப்பு, விளையாட்டு எல்லாம் பக்கத்தில் தங்குபவர்களுக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. ஓர் அறை இல்லாததால் படிப்பில் எவ்வளவு குறைகிறது என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

ரமண நகர் கணக்கு வேறு

செங்கம் சாலையில் ரமணாச்ரமத்தைத் தாண்டினால் இன்னொரு வாடகைச் சந்தை ஆரம்பமாகிறது. ரமண நகர், பெரும்பாக்கம் சாலை, அத்தியந்தல், அடி அண்ணாமலை வரை அது நீள்கிறது. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் 1931-ல் இங்கே வந்து ரமண மகரிஷியைச் சந்தித்து, 1934-ல் அதைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்ட நாளிலிருந்து மேலை நாட்டவரின் வருகை நின்றதில்லை. நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை அவர்களுக்கு சீசன். வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்கள். சிலர் மட்டும் வருடக்கணக்கில் இங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

மலை தெரியும் மொட்டை மாடி, சமையலறை, வைஃபை இருந்தால் வாடகை ஏறும். யூரோவில் கணக்குப் பார்ப்பவருக்கு அது மலிவு. அதே தெருவில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக நினைக்கும் இளைஞருக்குக் கட்டுப்படியாகாது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும், வீடாக இருந்தாலும் சரி, விடுதியாக இருந்தாலும் சரி, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆக, எந்த அறையில் எந்த நாட்டுக்காரர் இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும். எத்தனை உள்ளூர்க் குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் ஊருக்கு வெளியே போயின என்பதற்கு இப்படி ஒரு பதிவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம் என்று மாறி மாறி இருந்தார். 1899-லிருந்து 1916 வரை மலைமேல் விருபாட்ச குகையில் வாழ்ந்தார். குகை ஒரு மடத்தின் பொறுப்பில் இருந்தது. கார்த்திகை தீபத்தின்போது குகைக்கு வருகிறவர்களிடம் மடத்தார் சிறு தொகை வசூலிப்பது வழக்கம். தன்னைப் பார்க்க வருகிறவர்கள் காசு கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும் என்பதை ரமணர் ஏற்கவில்லை. குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் அமர்ந்தார். பிறகு வேறொரு குகைக்குப் போனார். கூட்டமும் அவர் பின்னால் போய்விட்டது. கடைசியில் மடத்தார் வசூலைக் கைவிட்டு அவரைத் திரும்ப அழைத்தார்கள். ரமணரின் வாழ்க்கை வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி இது. திருவிழாக் கூட்டத்தைக் கணக்கிட்டு இடத்துக்கு விலை வைப்பதும், அது சரிதானா என்று ஒருவர் நின்று கேட்பதும் இந்த ஊருக்கு நூறு வருடப் பழக்கம்.

மடம், சத்திரம் என்ற ஏற்பாடும் இங்கே வேர் பிடித்ததுதான். ஈசான்ய மடத்திலிருந்து நகரத்தார் சத்திரம் வரை, ஒவ்வொரு மரபும் ஒவ்வொரு சமூகமும் வழிநடையாகவும் மாட்டு வண்டியிலும் வந்தவர்களுக்காக இடம் கட்டிவைத்தன. அந்த ஏற்பாட்டில் சாதிச் சுவர் இருந்தது. அது திரும்ப வேண்டாம். ஆனால், வருகிறவருக்குக் கூரை கொடுப்பது ஊரின் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருந்தது. சோற்றைப் பொறுத்தவரை அந்த எண்ணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கோயிலில் அன்னதானம், ஆசிரமங்களில் அன்னதானம், கிரிவலப் பாதையில் தனியார் அன்னதானம். திருவண்ணாமலையில் பசியோடு படுக்க வேண்டியதில்லை என்று சாதுக்கள் சொல்வார்கள். எங்கே படுப்பது என்பதுதான் கேள்வி.

மலையேறிய வீடுகள்

ஊருக்குள் மலிவாக இடம் கிடைக்காதபோது மக்கள் இரண்டு பக்கம் போவார்கள். ஒன்று, வயல்வெளி மனைகளை நோக்கி வெளியே. இன்னொன்று, மலைச்சரிவை நோக்கி மேலே. கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்புறமிருந்து மலையைப் பார்த்தால், பாறைகளுக்கு நடுவே வரிசை வரிசையாக வீடுகள் ஏறிப்போவது தெரியும். கூலி வேலை செய்பவர்கள், பூக்கட்டுபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் பல வருடங்களாகக் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டியவை அவை. கோயிலுக்கு நடந்தே வேலைக்குப் போய்விடலாம். பட்டா கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது.

2024 டிசம்பர் 1-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயலின் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் உயிரோடு புதைந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மீட்புப் படையினர் மேலே தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு பாறைக்குப் பயந்தபடியே மண்ணைத் தோண்டினார்கள். உடல்களை எடுத்து முடிக்க நாள்கள் ஆயின. அடுத்த பன்னிரண்டாம் நாள் தீபம். அந்த வருடம் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை.

அதன் பிறகு மலைச்சரிவில் இருப்பவர்களை ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்ற ஒரே பெயரில் அழைப்பது சுலபமாகிவிட்டது. மலையில் வீடு கட்டக் கூடாது என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அது ஆபத்து, அண்ணாமலைக்கும் கேடு. ஆனால், அவர்களைக் கீழே இறக்கினால் எந்தத் தெருவில், எந்த வாடகையில் குடிவைப்பது? நகரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பைக் கட்டிக் கொடுத்தால், விடியற்காலை நாலு மணிக்குக் கோயில் வாசலில் பூ விற்க வேண்டிய பெண் அங்கிருந்து எப்படி வருவார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் செய்யும் அகற்றம், அதே மக்களை இன்னொரு சரிவுக்கோ ஏரிக்கரைக்கோதான் அனுப்பிவைக்கும்.

சியோலில் நடந்தது

மலிவான அறை ஆபத்தான இடத்தில்தான் கிடைக்கும் என்ற நிலை நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. தென்கொரியத் தலைநகர் சியோலில் யோன்செய், இஹ்வா, ஹோங்இக் பல்கலைக்கழகங்கள் நெருங்கியிருக்கும் சின்சோன் பகுதியும், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சில்லிம் பகுதியும் மாணவர் அறைகளுக்குப் பெயர்போனவை. தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கும் அங்கே அறை தேடும் படலம் உண்டு. தனி அறை வேண்டுமென்றால் ஒரு கோடி வோன் முன்பணமும் மாதம் ஐந்தாறு லட்சம் வோன் வாடகையும் கேட்பது அங்கே சாதாரணம். முன்பணத்துக்கு வழியில்லாதவர்கள் ‘கோஷிவோன்’ அறைகளுக்குப் போவார்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக ஆரம்பித்த சின்னஞ்சிறு அறைகள் அவை. ஒரு கட்டில், ஒரு மேஜை. பொதுச் சமையலறையில் சோறும் கிம்சியும் பல இடங்களில் இலவசம்.

நம் ஊரில் மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் ஒத்தி முறை உண்டே, அதே ஏற்பாடு கொரியாவில் ‘ஜொன்சே’ என்ற பெயரில் பெரிய அளவில் நடக்கிறது. வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேல் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வேண்டும். காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். 2022, 2023-ல் நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்திருந்த சில உரிமையாளர்கள் அந்தப் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் கைவிரிக்க, இளம் குடித்தனக்காரர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 2023-ல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒத்திக்கு வீடு பார்க்கும் நம்மூர்க் குடும்பங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: மொத்தப் பணத்தை நீட்டுவதற்கு முன் வில்லங்கச் சான்று பார்ப்பதும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

2018 நவம்பர் 9-ம் தேதி விடியற்காலை, சியோலின் ஜோங்னோ பகுதியில் ஒரு கோஷிவோன் தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். ஜன்னல் உள்ள அறைக்கும் ஜன்னல் இல்லாத அறைக்கும் அங்கே வாடகை வித்தியாசம் சுமார் 40,000 வோன். ஜன்னல் அறைக்காரர்கள் சிலர் அதன் வழியாகத் தப்பினார்கள். 2022 ஆகஸ்ட் 8-ம் தேதி இரவு பெய்த பெருமழையில், சில்லிம் பகுதியில் பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீடு ஒன்றில் தண்ணீர் புகுந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். ‘பாரசைட்’ படத்தில் உலகமே பார்த்த அதே வகை வீடு.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு சியோல் மாநகராட்சி செய்ததை நாம் கவனிக்க வேண்டும். புதிதாக வரும் கோஷிவோன் அறை குறைந்தது 7 சதுர மீட்டர், அதாவது சுமார் 75 சதுர அடி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கட்டாயம் என்று விதி வந்தது. தரைக்குக் கீழான வீடுகளைப் படிப்படியாக ஒழிப்பதாக அறிவித்தார்கள். இன்னொன்றும் அங்கே நடந்தது. ஹன்யாங் போன்ற பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர் விடுதி கட்டத் திட்டமிட்டபோது, அக்கம்பக்கத்து வீட்டு உரிமையாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். விடுதி வந்தால் தங்கள் வாடகை இறங்கிவிடும் என்பது அவர்கள் பயம். பொது விடுதி கட்டினால் சுற்றியுள்ள வாடகை குறையும் என்பதை வாடகை வாங்குகிறவர்களே ஒப்புக்கொண்டது போல ஆனது அந்தப் போராட்டம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அறை தேடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. பதிவு எண் கையில் இருந்தால்தான் பிறகு தகராறு வரும்போது சட்டம் உதவிக்கு வரும்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். காலி செய்த பிறகு நியாயமான பாக்கிகளைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

லாட்ஜ், ஓட்டல், சத்திரம் ஆகியவை இந்தச் சட்டத்தின் கீழ் வராது. ‘ஹாஸ்டல்’ என்ற பெயரில் ரசீது கூட இல்லாமல் பணம் வாங்கும் இடங்களில் எச்சரிக்கை தேவை.

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகள் 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். மகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய காகிதம் அது.

90 நாள்களுக்குக் குறையாமல் தொடர்ந்து தங்குபவருக்கு, மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவு இது. அந்த வரியைக் கட்டணத்தில் சேர்த்துக் கேட்டால் மறுக்கலாம்.

இனி செய்ய வேண்டியது

சட்டம் காகிதத்தில் தைரியம் தரும். அறை வேண்டுமென்றால் கட்ட வேண்டும்.

முதல் பொறுப்பு அரசுக்கு. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றியது. நல்ல பெயர். வீட்டுக்காரரின் விசாரணை இல்லாமல் ஏழை மாணவனுக்குக் கிடைக்கும் இடம் அதுதான் என்பதால், திருவண்ணாமலையில் அவற்றின் இடங்கள் கூட வேண்டும். கழிப்பறையும் படிப்பறையும் அந்தப் பெயருக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளில் இரவு எந்த நேரத்திலும் பணி முடிந்து திரும்ப முடிகிறது. கோயில், மருத்துவமனை, பேருந்து நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அப்படிப்பட்ட இடங்கள் இந்த ஊரில் பெருக வேண்டும்.

இரண்டாவது பொறுப்பு மாநகராட்சிக்கு. குடியிருப்பு என்று வரி கட்டிக்கொண்டு லாட்ஜாக நடக்கும் வீடுகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நாள் வாடகைக்கு விடுபவரிடம் அதற்குரிய வரியை வாங்கி, மாத வாடகைக்கு விடுபவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கலாம். பௌர்ணமிக் கணக்கில் 5,000 எங்கே, 11,000 எங்கே என்று பார்த்தோம். அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தாலே சில கேட்டுகளில் பழைய அட்டை திரும்பத் தொங்கும். பூக்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கோயிலைச் சுற்றியே வாடகைக் குடியிருப்பு கட்டுவதற்கு அரசு நிலத்தைத் தேட வேண்டும். மலைச்சரிவிலிருந்து இறங்குகிறவர்களுக்கு முதல் இடம் அங்கே.

மூன்றாவது பொறுப்பு கல்வி நிறுவனங்களுக்கு. ஜூன் மாதம் சேர்க்கை நடக்கும்போதே, எந்தெந்தத் தெருவில் மாணவருக்கு வீடு விடத் தயாராக இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலைக் கல்லூரியே தயாரிக்கலாம். வீட்டுக்காரருக்குக் கல்லூரி உத்தரவாதம். மாணவருக்கு எழுத்தில் ஒப்பந்தம். சாதியும் மதமும் கேட்பவர் பட்டியலில் இல்லை. பெரிய செலவில்லாத வேலை. தரகருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுக்கும் கொடுமையும் தீரும்.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். கிரிவலம் வருபவருக்கு வாசலில் மோர் கொடுக்கிறீர்கள். பசி என்று வந்தவருக்கு இலை போடுகிறீர்கள். நாலு அறை கட்டினால் மூன்றை நாள் வாடகைக்கு விடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றை ஒரு மாணவனுக்கோ ஒரு நர்ஸுக்கோ நியாயமான வாடகையில், என்ன ஆளுங்க என்று கேட்காமல் கொடுங்கள். இந்த ஊரில் அன்னதானத்துக்கு இணையான புண்ணியம் அது. வரும் ஜூனில் ஜவ்வாது மலையிலிருந்து பெட்டியோடு இறங்கப்போகும் பிள்ளை முதலில் கேட்கப்போவது அந்த அறையைத்தான்.